தோலும் முகமும்

உடலினுள்ளே எழும் பிணியை மனிதன் ஓரளவு மறைத்துக்கொள்ளலாம். முகத்தில் எழும் பிணியை மறைத்தல் அரிது. நோயின் வேதனை ஒன்று. கண்டவர் விலகிச் செல்லும் வேதனை மற்றொன்று.

நேயர்களே, தோல் நோயைப் பெரும்பாலும் கண்ணாற் கண்டே அறிதல் வேண்டும். ஆதலின் மருத்துவக் கல்விக்குப் படங்கள் இன்றியமையாதன. பாரிஸ் நகரின் சென் லூயி வைத்தியசாலை 1801 முதல் தோல் நோய் மருத்துவத்திற் சிறப்புற்றது. அங்கே ஆர்டி என்னும் பேராசிரியரும் மொன்மேஜா என்னும் மருத்துவரும் 1868இல் நோயாளரின் நிழற்படங்கள் அடங்கிய நூலொன்றை வெளியிட்டனர். ஓவியனின் கைத்திறனையே பெரிதும் நம்பியிருந்த மாணவர், நோயை உள்ளவாறே காணலாயினர்.

எனினும் ஒரு குறை இருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகடு செந்நிறத்தை உணராது. சிவந்த தடிப்பு கருமையாகவே பதியும். எனவே படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினர்.

நிறத்தைத் தவறவிட்ட கருவி மனிதனைத் தவறவிடவில்லை. ஓவியன் விரும்பினால் நோயை மாத்திரம் வரைவான். கருவியோ, அசையாது அமர்ந்திருப்பவரின் கண்களையும் சேர்த்தே பதிக்கும். பாடத்துக்கென எடுத்த படம் ஒருவரது துயரத்தையும் ஊரறியச் செய்துவிடுகிறது.

பிற்காலத்தில் கண்களைக் கருங்கோட்டால் மறைக்கும் வழக்கம் எழுந்தது. அதுவும் போதிய காவலன்று. இன்று நோயாளியின் சம்மதம் பெற்றே அவர் படத்தை வெளியிடுதல் மருத்துவ அறமாகும். நோயைக் கூர்ந்து நோக்குதல் மருத்துவரின் கடமை. அந்நோக்கின் எல்லையைக் கூறுதல் நோயாளியின் உரிமை.