ஆடலாமா என்று சொல்பவர் யார்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். கால்பந்தாட்டத்தில் காயமுற்றவர் மீண்டும் ஆடலாமா என்று முடிவு செய்பவர் யார்? ஆடுபவரா, பயிற்சியாளரா, மருத்துவரா?

2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமருக்குத் தலையில் பலத்த அடி. தொடர்ந்து ஆடிய அவர், சற்று நேரத்தில் இது இறுதியாட்டந்தானா என்று நடுவரையே கேட்டார்! மூளை அதிர்ந்தவருக்குத் தம் நிலை தெரியாது. அவ்வாண்டு செப்டம்பரில் ஃபிஃபா, இத்தகைய வேளையில் ஆட்டத்தை 3 நிமிடம் வரை நிறுத்தலாம், அணி மருத்துவர் இசைந்தாலன்றித் தொடரக் கூடாது என்று விதித்தது.

பயிற்சியாளரின் கண்ணோ வெற்றியின்மேல். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் செல்சி அணி மருத்துவர் ஈவா கார்னெய்ரோ, நடுவர் அழைத்ததால் காயமுற்றவருக்கு உதவ ஓடினார். சிகிச்சை பெற்றவர் சற்று வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. ஆள் குறைந்ததால் பயிற்சியாளர் மொரின்யோ அவரைக் கடிந்துரைத்தார். அம்மருத்துவர் விலகி வழக்குத் தொடுத்தார். 2016 ஜூனில், அவர் கடமையையே செய்தார் என்று கூறிக் கழகம் மன்னிப்புக் கேட்டது.

மேல்மலையனூரில் நாம் ஆடும் திடலோரம் மருத்துவர் நிற்பதில்லை. ஆகவே தோழியரே, தலையில் அடிபட்டவள் "ஒன்றுமில்லை" என்றாலும் அன்று அவளை ஆடவிடாமல் ஆசிரியையிடம் அழைத்துச் செல்வோம். கோப்பை அடுத்த ஆண்டும் வரும்.