விமானம் போனாலும் சுழல் போகாது



குமுளி மலைப்பாதையில் இருந்து நம்ம லோயர் கேம்ப்புக்கு லாரி இறங்கும்போது ரோட்டோரமாக நின்றிருக்கிறீர்களா? லாரி தாண்டிப் போன பிறகுதான் துப்பட்டா படபடக்கும், தூசி சுழலும். விமானமும் இப்படித் தனக்குப் பின்னால் காற்றைக் கலக்கிவிட்டுத்தான் போகிறது. ஆனால் அந்தக் காற்று இன்னொரு விமானத்தையே கவிழ்த்துவிடும்!

சுழல் எப்படி வருகிறது?

பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழே உள்ள காற்று சும்மா இருக்குமா? இறக்கையின் நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். இதனால் இரண்டு நுனியிலும் இரண்டு சுழல்கள் உண்டாகி, எதிர் எதிராகச் சுற்றியபடி பின்னால் நீளும். மெல்லக் கீழேயும் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது.

தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்தூள் தூவுங்கள். ஸ்பூனைப் பாதி முக்கி, கொஞ்ச தூரம் இழுத்துச் சட்டென்று எடுங்கள். இரண்டு குட்டிச் சுழல் ஓடும், பாருங்கள்.

இறங்கும்போது ஏன் ஆபத்து?

எடை கூடினாலும் வேகம் குறைந்தாலும் சுழலுக்குப் பலம் கூடும். இறங்கும் விமானம் மெதுவாகத்தானே வரும்? பின்னால் வருகிற சின்ன விமானம் அதில் சிக்கிப் புரண்டால், நிமிர்த்துவதற்கு உயரமும் இருக்காது.

1972 மே 30-ல் அமெரிக்காவின் டெக்சாசில் டிசி-10 என்ற பெரிய விமானத்தின் பின்னாலேயே, பயிற்சிக்காகப் பறந்த டிசி-9 இறங்க வந்தது. சுழலில் புரண்டு, இறக்கை ஓடுபாதையில் இடித்தது. உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் இடைவெளி விதிகள் கடுமையாயின.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 7-ல் மாலத்தீவில் இருந்து கிளம்பிய சிறிய ஜெட் ஒன்று அரபிக்கடல் மேலே போனது. எதிரே, அதைவிட 1000 அடி மேலே ஏ380 கடந்தது. கொஞ்ச நேரத்தில் சிறிய ஜெட் உருண்டு புரண்டு சுமார் 9000 அடி கீழே விழுந்தது. விமானி எப்படியோ நிமிர்த்தி மஸ்கட்டில் இறக்கினார். விழுவதற்கு அவ்வளவு உயரம் இருந்ததால் தப்பித்தார்கள். தரைக்குப் பக்கத்தில் என்றால்?

காப்பது எது?

இடைவெளிதான். 136 டன்னும் அதற்கு மேலும் கனரகம். 7 டன்னும் அதற்குக் கீழும் இலகுரகம். நடுவில் உள்ளது நடுத்தரம். மதுரைக்கு வரும் ஏ320, ஏ.டி.ஆர். எல்லாம் நடுத்தரம். கனரக விமானத்துக்குப் பின்னால் இறங்க நடுத்தரம் 2 நிமிடம், இலகுரகம் 3 நிமிடம் விட வேண்டும். விமானியும் முன்னால் போனதன் பாதைக்கு மேலாகவே வந்து, அது தரை தொட்ட இடத்தைத் தாண்டி இறக்குவார். காற்று அசையாத நாளில் இன்னும் கவனம் தேவை. சுழல் சீக்கிரம் கலையாது.

சென்னையில் இறங்கும் சொந்தக்காரர்கள், "இறங்காம வானத்துலயே சுத்துறாங்க" என்று அலுத்துக்கொண்டால், இதுவும் ஒரு காரணம் என்று சொல்லுங்கள். அந்த 2 நிமிடம் வீண் இல்லை, உயிர்!

யோசியுங்கள்: வயல் மேலே பறக்கும் கொக்குகள் ஏன் நேர் பின்னால் போகாமல், பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பறக்கின்றன? விடை தெரிந்தவர்கள் 9-ஆம் வகுப்புக்கு வாருங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி