காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும்

கோச்சடை இன்று மதுரை நகரின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் மேலக்கால் சாலையில் மேற்கே சென்றால் வைகைக் கரையை ஒட்டிச் சோழவந்தான் வரை தென்னந்தோப்புகளைக் காணலாம். மரம் ஏன் பட்டுப்போயிற்று என்று கேட்டால், "வண்டு அடித்துவிட்டது" என்பார்கள். எந்த வண்டு என்று தெரிந்தால்தான் அடுத்த மரத்தைக் காப்பாற்ற முடியும்.

காண்டாமிருக வண்டு கருமையானது. பருத்த உடலும் தலையில் கொம்பும் உடையது. இரவில் பறந்து வந்து விரியாத குருத்தைத் துளைத்து மெல்லும். அம்மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் விசிறி வடிவில் தோன்றும். விளைச்சல் குறையும், இளங்கன்றுகள் மடிவதுண்டு. ஆனால் வளர்ந்த மரம் இதனால் மட்டும் சாவது குறைவு. இதன் புழு மரத்தில் இல்லை. எருக்குழியில் சுருண்டு கிடக்கும் ஆறு கால் வெள்ளைப் புழு இதுவே.

சிவப்புக் கூன்வண்டு செம்பழுப்பு நிறமும் நீண்ட மூக்கும் கொண்டது. இங்கே கேடு செய்வது புழுதான். மரத்தின் காயங்களில் வண்டு முட்டையிடும். கால்களற்ற புழுக்கள் தண்டுக்குள் குடைந்து தின்னும். 5 முதல் 20 வயது மரங்களையே அதிகம் தாக்கும். துவாரத்தில் பழுப்புச் சாறு வடியும், மென்ற நார் வெளிவரும். காதை ஒட்டவைத்தால் கரகரவென்று ஓசை கேட்கும். நடுக்குருத்து வாடிச் சாய்ந்த பின் செய்வதற்கு அதிகம் இல்லை.

காண்டாமிருக வண்டு போட்ட துளையே கூன்வண்டுக்கு வாசலாகிறது. ஆகவே முதல் வேலை எருக்குழியில்தான். எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்கவும். பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணத்தையும் எருவில் இடலாம். குருத்தில் உள்ள வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுக்கவும். வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்மட்டை இடுக்குகள் மூன்றில் இடவும்.

ஏறுவதற்காக மரத்தில் படி வெட்டுவது கூன்வண்டை நாமே அழைப்பதாகும். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் 120 செ.மீ. அடிமட்டையை விட்டு வெட்டவும். இனக்கவர்ச்சிப் பொறி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு வண்டுக்கான கவர்ச்சிப் பொருளுக்கு மற்றது வராது.

கூன்வண்டால் பட்ட மரத்தை வெட்டிப் பிளந்து எரித்துவிடவும். தோப்பிலேயே போட்டுவைத்தால், அந்த மக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.