மின்சாரம் போனது, மடிக்கணினியும் மௌனமானது

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பகுதியில் மழையும் வரும். மழையோடு மின்தடையும் வரும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தபோது, ஆயிரக்கணக்கான மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரை பல தெருக்களில் நாள் கணக்கில் விளக்கு எரியவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோதும் இதே கதைதான். அந்த நாள்களில் மெழுகுவத்தியைத் தேடாத வீடு உண்டோ?

முன்பெல்லாம் மின்சாரம் போனால் படிப்பு மட்டும் சற்று நிற்கும். இப்போது அப்படியன்று. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய பின்னர், எளிய வீடுகளுக்குள்ளும் கணினி நுழைந்தது. நம் பாடக் குறிப்புகளும், அப்பாவின் கணக்குகளும், அக்காளின் கல்லூரி ஆய்வேடும் அந்தச் சிறு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அது திடீரென உயிரிழந்தால் என்ன செய்வது? எங்கள் அறிவியல் மன்றத்திற்கு இக்கேள்வி உண்மையாகவே வந்தது.

எங்கள் தோழி ஒருத்தியின் வீடு சிறுசேரியில் உள்ளது. அவள் தந்தையார் அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் இரவுக் காவலர். ஒரு மழை இரவில் அவள் அக்காள், உறவினர் கொடுத்த பழைய மடிக்கணினியில் இறுதியாண்டு ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சமர்ப்பிக்க நான்கே நாள்கள். பட்டென்று விளக்கு அணைந்தது; அதே நொடியில் கணினியும் அணைந்தது. மின்சாரம் இரண்டு முறை வந்து வந்து போயிற்று. பிறகு நிலையாக வந்தபோது பொத்தானை அழுத்தினால் ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை. தந்தையார் காவல் காக்கும் கட்டடங்களில் ஜெனரேட்டர்கள் முழங்கிக்கொண்டிருக்க, மகள் வீட்டில் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தக் கணினி ஒரு பிளாஸ்டிக் பையில் எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. கணினி ஆசிரியை அருகிலிருந்து வழிகாட்ட, நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறோம்.

மடிக்கணினிக்குள் பேட்டரி இருக்கும்போது மின்தடை அதை ஏன் பாதிக்க வேண்டும்? பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் பாதிக்காது. ஆனால் சில நூறு முறை ஏறி இறங்கிய பேட்டரி வலுவிழந்துவிடும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்துப் பயன்படுத்துவதால் நாம் அதை உணர்வதில்லை. மின்சாரம் போன நொடியில்தான் உண்மை வெளிப்படும். இன்னோர் ஆபத்து, மின்சாரம் திரும்பி வரும் வேளையில் இருக்கிறது. தெருவிலுள்ள குளிர்பதனப் பெட்டிகளும் மோட்டார்களும் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்தும் உயர்ந்தும் அலையும். அந்த அலைச்சல் சார்ஜரைப் பழுதாக்கலாம்.

ஆகவே முதல் பாடம்: வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். சுவரிலுள்ள பிளக்கில் மின்சாரம் வருகிறதா? ஒரு மேசை விளக்கை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது சார்ஜர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைச் சுமார் 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது அதுவே. அதில் சிறு விளக்கு இருந்தால் எரிகிறதா என்று காண வேண்டும். வேறு சார்ஜரைப் பொருத்திப் பார்ப்பதானால், அதன் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு ஒன்றாகவும், ஆம்பியர் அளவு குறையாமலும் இருக்க வேண்டும். முனை பொருந்துகிறதே என்று கண்டதை மாட்டக் கூடாது.

எங்கள் தோழியின் சார்ஜர் நன்றாகவே இருந்தது. ஆசிரியை அடுத்த படியைக் காட்டினார். சார்ஜரைக் கழற்றினோம். கணினியின் அடிப்பக்கத் தாழ்களை நகர்த்தி பேட்டரியையும் எடுத்தோம். பிறகு தொடக்கப் பொத்தானை முப்பது விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தோம். பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் மாட்டிப் பொத்தானை ஒருமுறை தட்டினோம். விளக்கு எரிந்தது! எங்கள் மகிழ்ச்சியைக் கூறவும் வேண்டுமோ?

இது மந்திரமன்று. மடிக்கணினியில் மின்சாரத்தைக் கவனித்துக்கொள்ளும் சிறு சில்லு ஒன்று உண்டு. மின்சாரம் வந்து வந்து போகும்போது அது பாதித் தூக்கத்தில் எழுப்பிய குழந்தைபோலத் தடுமாறி நின்றுவிடும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் அதே நிலையில் அதை வைத்திருக்கும். பொத்தானை நெடுநேரம் அழுத்தும்போது அம்மின்னூட்டம் வடிந்து, சில்லு புதிதாக விழித்தெழுகிறது. பேட்டரியைக் கழற்ற முடியாத புதிய கணினிகளிலும் சார்ஜரை எடுத்துவிட்டுப் பொத்தானை இவ்வாறு அழுத்திப் பார்க்கலாம். பேட்டரி முற்றும் வடிந்திருந்தால் அரைமணி நேரமாவது சார்ஜ் ஏறவிட்டுப் பிறகு முயல வேண்டும்.

விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் இருட்டாக இருந்தால் ஒரு கைவிளக்கைத் திரைமேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் கணினி ஓடுகிறது. திரையின் பின்னொளிதான் கெட்டிருக்கிறது. ‘பீப்’ ஒலிகள் கேட்டால் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பழுது எங்கே என்பதை அந்த எண்ணிக்கையே பழுதுபார்ப்பவருக்குச் சொல்லும்.

எங்களுக்கோ வேறொரு சோதனை காத்திருந்தது. நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றியது, வட்டம் சுழன்றது, அணைந்தது, மறுபடியும் முதலிலிருந்து. இதற்குள் தோழியின் அண்டை வீட்டார் ஒருவர், “ஃபார்மட் செய்துவிடுங்கள், புதிது போல ஓடும்” என்று யோசனை சொல்லியிருந்தார். ஓடும், உண்மைதான். ஆனால் ஆய்வேடு?

நம் பள்ளி நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூலகர் ஒரு புத்தகத்தை அலமாரியில் வைத்து, பதிவேட்டில் எழுதப் போகும் வேளையில் விளக்கு அணைகிறது. புத்தகம் இருக்கிறது; பதிவு இல்லை. மறுநாள் தேடினால் குழப்பம்தான். கணினியின் வன்தட்டில் நடப்பதும் இதுவே. எழுதிக்கொண்டிருந்த கோப்பும், எது எங்கே என்று காட்டும் பதிவேடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. இதற்காகவே இக்காலக் கணினிகள் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பிறகு பதிவேட்டில் ஏற்றுகின்றன. அடுத்த முறை தொடங்கும்போது குறிப்பேட்டைப் பார்த்துத் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். பெரும்பாலும் இது போதும். சில வேளைகளில் போதாது. ஃபார்மட் செய்வதென்றால் அந்தப் பதிவேட்டையே அழித்துப் புதிது வைப்பதாகும். பிறகு புத்தகங்களை யார் தேடுவது?

எனவே இரண்டாம் பாடம்: முதலில் உள்ளே இருப்பதைக் காப்பாற்று, பிறகு இயந்திரத்தைச் சீராக்கு. ஆசிரியை வன்தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. கம்பியுள்ள ஓர் உறைக்குள் வைத்து, ஆய்வுக்கூடக் கணினியுடன் இணைத்தார். கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஆய்வேட்டைப் பென்டிரைவில் நகலெடுத்தோம். அதன் பின்னரே வன்தட்டைத் திரும்பப் பொருத்தி, விண்டோஸ் தரும் தானியங்கிப் பழுதுநீக்கத்தை ஓடவிட்டோம். கணினி எழுந்தது. ஆனால் கடைசி மூன்று பக்கங்களும் ஒரு வரைபடமும் கிடைக்கவில்லை. சேமிக்காமல் தட்டச்சு செய்தவை அவை. அக்காள் ஓரிரவு கண்விழித்து மீண்டும் எழுதி, குறித்த நாளில் சமர்ப்பித்தார்.

சில எச்சரிக்கைகளும் கூற வேண்டும். மழைநீர் பட்ட கணினியை ஒருபோதும் இயக்கிப் பார்க்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ தொடாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வன்தட்டு ‘டக் டக்’ என்று ஒலித்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் மிஞ்சியிருப்பதும் போகும். பழுதுநீக்கத்தின்போது சில கணினிகள் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை இன்றே கண்டறிந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வராமல் காப்பது நன்றன்றோ? மின்சாரம் போனதும் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுவோம். திரும்பி வந்தபின் பத்து நிமிடம் பொறுத்து மாட்டுவோம். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை சேமிப்போம். முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் ஒரு நகல் வைப்போம். மாதம் ஒருமுறை சார்ஜரைக் கழற்றிப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சோதிப்போம்.

கார்த்திகை மழை அடுத்த ஆண்டும் வரும். மின்சாரமும் போகும். அப்போது ‘கணினி செத்துவிட்டது’ என்று எவரேனும் கலங்கினால், தோழியரே, பதறாமல் அருகில் அமர்ந்து, “முதலில் பிளக்கைப் பார்ப்போம்” என்று தொடங்குங்கள்.

— அறிவியல் மன்ற மாணவியர்