வீடிழந்தோருக்கு நாம் அளிக்க வேண்டியது

2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியில் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் இல்லம் துறந்தனர்.

அவர்களுள் பல்லாயிரவர் அண்டை மாநிலமான டெக்சாஸின் ஹூஸ்டன் நகரை அடைந்தனர். ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கமே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. பல சமயத்தாரும் கூடி உணவு பரிமாறினர். செப்டம்பர் 11ஆம் நாளின் பணியை அந்நகர முஸ்லிம்கள் தாமே ஏற்றனர். அந்நாளைத் தேர்ந்ததன் பொருள் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

ஆயினும் உணவு முதல் வாரத்தின் தேவை. முகவரி இல்லாதவருக்கு வேலை கிட்டுவது அரிது. வேலை இல்லாதவருக்கோ வாடகை வீடு கிட்டுவதில்லை. இம்முடிச்சை அவிழ்ப்பதே பேருதவி. ஹூஸ்டன் மாநகராட்சி வாடகைச் சீட்டுகள் வழங்கி, குடும்பங்களை அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியது. வீடற்ற பிள்ளைகளைச் சான்றிதழ் இல்லாவிடினும் உடனே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்னும் அந்நாட்டுச் சட்டம், ஆவணங்களை வெள்ளத்தில் இழந்தோருக்குக் கைகொடுத்தது. பழந்துணி மூட்டையை அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததெனக் கருதுவோரே, சிந்தியுங்கள்!

மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, மக்காவைத் துறந்து வந்திருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், அவருக்காக துஆ செய்துவிட்டுக் கடைத்தெருவிற்கு வழி கேட்டார்கள். சிறிது பாலாடைக்கட்டியும் நெய்யும் ஈட்டிக்கொண்டு திரும்பினார்கள்.