கிராணியார் காரும் எங்கள் காரும்

டுரியான் துங்கால் என்றதும் பலருக்கு நீர்த்தேக்கமும் பல்கலைக்கழகமும்தான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டாலோ, "அந்தப் பழைய மோரிஸ் நிக்கிற வீடா?" என்பார்கள். அப்பாவிடம் 1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. மைவி ஓட்டிப் பழகிய என் நண்பர்கள் அதைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதுல அப்படி என்னதான் இருக்கு?"

இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமான இக்காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1959இல் வெளிவந்த 'மினி'யும் இவர் உருவாக்கியதே. நிறுவனத்தின் தலைவரான நஃபீல்டு பிரபுவுக்கு இதன் தோற்றம் பிடிக்கவில்லை. வெந்த முட்டை போலிருக்கிறது என்று கேலி செய்தாராம். மாதிரி வண்டி ஒடுங்கித் தெரிந்ததால், அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் நான்கு அங்குலம் கூட்டிய பிறகே இஸிகோனிசுக்கு மனம் நிறைந்தது. எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் பட்டை அந்தத் தழும்புதான்! பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. தமிழ்ப் படங்களில் நாம் பார்க்கும் அம்பாசிடரும் இதற்குத் தூரத்து உறவு எனலாம். அது மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்து, 2014 வரை இந்தியாவில் தயாரானது.

ஓட்டுவது தனி அனுபவம். 948 சிசி எஞ்சின், வெறும் 37 குதிரைத் திறன். வண்டி முழுதாக நிற்கும் முன் முதல் கியரைப் போட்டால் 'கரகர' என்று திட்டும். திரும்பும்போது விளக்கு மின்னாது. கதவுத் தூணிலிருந்து சிறு கை ஒன்று நீளும். சில நேரம் நீளாது, அப்பா உள்ளிருந்து தட்டுவார். எஞ்சின் மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எது எதை இயக்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் மனப்பாடம் செய்த இயற்பியல், எனக்கு இந்த மூடிக்கடியில்தான் புரிந்தது.

சிரமங்களையும் மறைக்கக்கூடாது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மழையில் முன்வண்டியை ஒட்டிப் போக முடியாது. அடித்தகடு துருப்பிடிக்கும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் என்பதால், இன்றைய பெட்ரோலில் வால்வு இருக்கைகள் தேய்ந்துவிடும். கடினமான இருக்கைகளைப் பொருத்த அப்பாவின் இரண்டு மாதச் சேமிப்பு போனது. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. நியாயம்தான்.

பிறகு ஏன்? பழைய கார் பிரியர்கள் 'இளமை நினைவு' என்பார்கள். எங்களுக்கு அது பொருந்தாது. தாத்தா பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் துரையும் கிராணியாரும்தான். கிராணியாரின் மோரிஸ் மைனரைத் தாத்தா கழுவியிருக்கிறார், ஏறியதில்லை. 1968இல் ஓர் இரவு பாட்டிக்கு வலி எடுத்தபோது, கிராணியார் அந்தக் காரில்தான் மலாக்கா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். விடியும் முன் அப்பா பிறந்தார். இருந்ததை இழந்தவர்களின் ஏக்கம் அல்ல எங்களுடையது; கைக்கு எட்டாமல் இருந்ததை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கும் ஆசை.

அந்தக் கார் எங்கே போனதோ தெரியாது. அந்தத் தோட்டமும் செம்பனையாகிவிட்டது. அப்பா வாங்கியது, கொட்டகை ஒன்றில் கோழிகள் அடைந்துகிடந்த வேறொரு வண்டி. அது ஓட மூன்று ஆண்டுகள் ஆயின.

முதல் ஓட்டத்திற்குப் பாட்டியை அழைத்தோம். அப்பா முன்கதவைத் திறந்து, "முன்னால உட்காருங்கம்மா" என்றார். பாட்டி அந்த இருக்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு பின்கதவுப் பக்கம் நடந்து, "வேணாம்யா, எனக்கு இங்கதான் பழக்கம்" என்று சொல்லி ஏறிக்கொண்டார். பத்து பெரண்டாம் தாண்டும்வரை அப்பா எதுவும் பேசவில்லை.