மெத்தென்ற இருக்கை நல்ல இருக்கையா?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மிதிவண்டியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன்னே செம்மண் சடக்கில், பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போன வண்டியை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் அரிசி மூட்டையை லயத்துக்கும் சுமந்து வந்ததும் அதே வண்டிதான். அந்த வண்டியின் இருக்கையில் பழைய துண்டை நாலாக மடித்துக் கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறோம். "ஏன் இப்படி?" என்று கேட்டால், "உட்கார்ந்தால் வலிக்கிறது, அதனால்தான்" என்பார்கள்.

துண்டு கட்டினால் வலி குறைகிறதா? மெத்தென்று இருந்துவிட்டால் அது நல்ல இருக்கையா? இன்று நாம் ஆராயப்போவது இந்தச் சிறிய கேள்வியைத்தான். கேள்வி சிறியதானாலும், நாள்தோறும் மிதிவண்டியில் போய்வரும் ஒருவருடைய உடல்நலம் இதில் அடங்கியிருக்கிறது.

அண்மையில் சிங்கப்பூரில் நம் மிதிவண்டிக்குப் புதிய இருக்கை ஒன்றை வாங்கிப் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். அந்த அனுபவத்தை வைத்தே இதை விளக்குவோம்.

முதலில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இதைச் சரளைப் பாதை சைக்கிள் என்று சொல்லலாம். பந்தய சைக்கிளுக்கு இருப்பதுபோல் வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் மட்டும் அகலமானது. நம் வண்டியின் டயர் 40 மில்லிமீட்டர் அகலம். தார்ச்சாலையில் விரைவாகப் போகும். சரளைக்கல்லிலும் மண்பாதையிலும் தடுமாறாமல் போகும். ஒரு வகையில் பார்த்தால், தோட்டத்துச் சடக்கில் நம் பெரியவர்கள் ஓட்டிய வண்டி செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது. உட்காரும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு.

பழைய வண்டியில் முதுகை நிமிர்த்தி உட்காருவோம். உடலின் பாரம் பெரும்பாலும் இருக்கையின்மேல் நேராக இறங்கும். ஆகவே அதற்கு அகலமான, கீழே சுருள்வில் வைத்த இருக்கை பொருத்தமாக இருந்தது. புதிய வண்டியில் கைப்பிடி தாழ்ந்திருப்பதால் முன்னால் சாய்ந்து உட்காருகிறோம். பாரத்தில் ஒரு பங்கு கைகளுக்குப் போகிறது. இடுப்பும் முன்பக்கம் சாய்கிறது. இதற்கு அகலமான இருக்கை உதவாது. தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும். எனவே, இருக்கையைத் தேடுமுன் வண்டியில் நாம் எப்படி உட்காருகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

இது தெரியாமல் நாம் முதலில் ஒரு தவறு செய்தோம். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து, எது மிகவும் மெத்தென்று இருந்ததோ அதையே வாங்கினோம். முதல் பத்து நிமிடம் சோபாவில் உட்கார்ந்தது போல் இருந்தது. அரை மணி நேரம் கழிந்ததும் தொடையிடுக்கு மரத்துப் போயிற்று. இறங்கி நடந்தால்தான் உணர்ச்சி திரும்பியது. பழகினால் சரியாகிவிடும் என்று எண்ணிச் சில வாரங்கள் பொறுத்துக்கொண்டோம். பொறுத்ததுதான் இரண்டாவது தவறு.

மெத்தையில் உட்கார்ந்தும் மரத்துப் போவானேன்? காரணம் நம் எலும்பின் அமைப்பில் இருக்கிறது. இடுப்பெலும்பின் அடியில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு முனைகள் உண்டு. கடினமான பலகையில் உட்கார்ந்து உள்ளங்கைகளை அடியில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு முனைகளும் கையில் படும். உட்காரும்போது பாரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்த எலும்புகள் அவை. அவற்றுக்கு நடுவே உள்ள இடமோ மென்மையானது. நரம்பும் இரத்தக் குழாயும் அந்த வழியாகச் செல்கின்றன. பாரம் தாங்குவது அந்த இடத்தின் வேலையல்ல.

மிகவும் மெத்தென்ற இருக்கையில் என்ன நடக்கிறது? எலும்பு முனைகள் இரண்டும் பஞ்சில் புதைந்து போகின்றன. நடுவிலுள்ள பஞ்சு மேலெழும்பி மென்மையான இடத்தை அழுத்துகிறது. நரம்பு நசுங்குகிறது, இரத்த ஓட்டமும் குறைகிறது, மரத்துப் போகிறது. மடித்த துண்டும் கனமாக இருந்தால் இதையேதான் செய்கிறது. ஆகவே நல்ல இருக்கைக்கு இலக்கணம் இதுதான்: எலும்பு இரண்டையும் உறுதியாகத் தாங்க வேண்டும், நடுப்பகுதியை அழுத்தாமல் விட வேண்டும்.

அப்படியானால் நம் எலும்பு முனைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பது தெரிய வேண்டும். அதை வீட்டிலேயே அளக்கலாம். பெட்டி செய்யும் மடிப்பு அட்டை ஒரு துண்டை எடுத்து, கடினமான பெஞ்சின்மேல் வையுங்கள். மெல்லிய துணி உடுத்தி அதன்மேல் உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, குதிகால்களைச் சிறிது உயர்த்துங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்துகொள்ளுங்கள். நமக்கு 118 மில்லிமீட்டர் வந்தது. அதனோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை கூட்டினால், சாய்ந்து ஓட்டும் வண்டிக்கு ஏற்ற இருக்கையின் அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இதைவிடக் கூடுதலான அகலம் வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக இந்த எலும்புகள் சற்று அகன்றிருக்கும். கணவருக்குப் பொருந்திய இருக்கை மனைவிக்கு வலித்தால், அது அவர் பழகாத குறையன்று, இருக்கையின் குறை.

நாம் 143 மில்லிமீட்டர் அகலமுள்ள, நடுவில் நீளவாட்டில் பள்ளம் வெட்டிய, சற்றுக் கடினமான இருக்கையை வாங்கினோம். வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பொருத்துவதில்தான் பாதி நன்மை இருக்கிறது. மூன்றைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, உயரம். இருக்கையில் உட்கார்ந்து, பெடல் கீழே வந்த நிலையில் குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். இருக்கை உயர்ந்து போனால் இடுப்பு இருபுறமும் ஆடும். உரசலும் புண்ணும் வரும். தாழ்ந்து போனால் முழங்கால் வலிக்கும்.

இரண்டு, முன்பின். இரண்டு பெடல்களும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, முன்னால் உள்ள முழங்காலிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால், அது ஏறக்குறையப் பெடலின் அச்சுக்கு நேரே விழ வேண்டும். இது தொடங்குவதற்கு ஏற்ற கணக்கு. பிறகு உடலுக்கு ஏற்றவாறு சற்று மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று, சாய்வு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை இருக்கையின்மேல் வைத்து, முதலில் மட்டமாகப் பூட்டுங்கள். முன்முனை தூக்கினால் மென்மையான இடம் நசுங்கும். அதிகமாகத் தாழ்ந்தால் உடல் முன்னே வழுக்கி, பாரம் முழுவதும் மணிக்கட்டில் ஏறும்.

இனி ஓட்டிப் பார்த்த கதைக்கு வருவோம். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைக்கு அருகிலிருந்து புறப்பட்டு, புக்கிட் தீமா சாலை வழியாகப் போனோம். சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சிங்கப்பூரில் 2019 முதல் சட்டம்.

வழியில் பூமலை என்று நம்மவர் அழைக்கும் தாவரவியல் தோட்டம் வருகிறது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் இத்தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அதே 1888இல்தான் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப், மிதிவண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து உரிமை பெற்றார். நம் முன்னோர் தோட்டங்களில் சீவிய பால் உலகமெங்கும் டயராகச் சுழன்றது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதையின் அதிர்ச்சியை முதலில் வாங்குவது டயரில் உள்ள காற்று. கல்லுப்போல் காற்றடைத்த டயரின்மேல் எந்த இருக்கையும் சுகம் தராது. அகலமான டயரில், விளிம்பு தரையில் இடிக்காத அளவுக்குக் காற்றைச் சற்றுக் குறைத்தால், இருக்கையின் வேலையில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அங்கிருந்து பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்தை அடைந்தோம். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயிலின் பாதை இது. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு அந்த ஓட்டம் நின்றது. தண்டவாளம் நீக்கப்பட்டு, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் பசுமைப் பாதையாகியிருக்கிறது. இரும்புப் பாலங்கள் இன்னும் நிற்கின்றன. சில இடங்களில் புல், சில இடங்களில் மண்ணும் சரளையும். இருக்கையைச் சோதிக்க ஏற்ற இடம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதே வழியில் போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றினோம். ஒரே நாளில் உயரத்தையும் சாய்வையும் மாற்றினால் எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று தெரியாமல் போகும். முதல் நாள், பழைய பயத்தினால் முன்முனையை நன்றாகத் தாழ்த்தியிருந்தோம். மரத்துப் போகவில்லை; ஆனால் சரளையில் உடல் முன்னே வழுக்கிக்கொண்டே இருந்தது. திரும்பும்போது மணிக்கட்டு வலித்தது. இரண்டாம் வாரம் இருக்கையை மட்டமாக்கினோம். மணிக்கட்டு வலி போயிற்று. இடுப்பு மட்டும் ஆடியது. உயரம் கூடியிருந்தது. மூன்றாம் வாரம் 5 மில்லிமீட்டர் இறக்கினோம். அன்று இரண்டு மணி நேரம் ஓட்டியும் இருக்கையின் நினைவே வரவில்லை. எலும்பு படும் இடத்தில் மட்டும் இலேசான வலி. புதிய இருக்கைக்கு அது இயல்பு. சில நாட்களில் போய்விடும்.

இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் வைக்க வேண்டும். எலும்பில் வரும் வலி பழகப் போகும். மரத்துப் போவதும் எரிச்சலும் பழகப் போவதில்லை. அவை உடல் தரும் எச்சரிக்கை. அமெரிக்காவில் மிதிவண்டியில் காவல் சுற்றும் 90 போலீஸ்காரர்களுக்கு, முன்முனையே இல்லாத இருக்கையைக் கொடுத்து ஆறு மாதம் ஆராய்ந்தார்கள். மரத்துப் போவதே இல்லை என்று சொன்னவர்கள் தொடக்கத்தில் நூற்றுக்கு 27 பேர். முடிவில் நூற்றுக்கு 82 பேர். 2008இல் வெளியான முடிவு இது. வேலைக்காக நாள்தோறும் ஓட்டுகிறவர்கள் இதை அற்பமென்று தள்ளக்கூடாது. மரத்துப் போனால் அவ்வப்போது பெடலின்மேல் எழுந்து நின்று ஓட்டுங்கள், இருக்கையைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படும் செய்தி இதில் ஒன்றுமில்லை.

புதிய இருக்கை வாங்க எல்லோருக்கும் வசதி இராது. வாங்காமலே செய்யக்கூடியவை பல இருக்கின்றன. உயரத்தைச் சரிபார்க்கலாம். சாய்வை மட்டமாக்கலாம். கனமான துண்டை அவிழ்த்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். கால்சட்டையின் தடித்த தையல் எலும்புக்கு நேரே படாமல் பார்த்துக்கொள்ளலாம். தோல் இருக்கையானால் மழையில் நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி வைக்கலாம். நனைந்த தோலில் உட்கார்ந்தால் அது தொய்ந்து போகும். பள்ளிப் பிள்ளைகள் வளர வளர இருக்கையை உயர்த்திக் கொடுக்க மறக்கக்கூடாது. இதற்கெல்லாம் வேண்டியது ஒரு ஸ்பானரும் கால் மணி நேரமுந்தான்.

ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் திரும்பி வந்தபோது, சுவரோரம் சாத்தியிருந்த ஒரு வேலையாளின் வண்டியைப் பார்த்தோம். இருக்கையில் நாலாக மடித்த துண்டு, கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. இருக்கை ஒரு சாண் தாழ்ந்து, முன்முனை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உரியவர் வந்ததும் பேச்சுக் கொடுத்தோம். "வலிக்குதுண்ணே, என்ன செய்யிறது?" என்றார். நம் பையிலிருந்த ஸ்பானரை எடுத்து, இருவருமாகச் சேர்ந்து இருக்கையை உயர்த்தி, மட்டமாக்கினோம். துண்டை அவரே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போனார்.

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியையும் இன்று மாலை ஒருமுறை பாருங்கள்.